செலவாகாத பணம்

பிறர் பணம் செலவாவதை உடனிருந்து பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். கட்டுகிறவர் ஒருவர், கட்டிக்கொள்கிறவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவில், கட்டிக்கொள்கிறவர் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பது என் தொழில். பெரிய நகரங்களில் இதைச் செய்யக் குளிரூட்டிய அலுவலகங்களும் பி.எம்.சி. என்ற மூன்றெழுத்தும் இருக்கின்றன. ஊர்ப்பக்கம் இதே வேலையைத் துபாயில் இருக்கும் தம்பிக்காக அண்ணனோ, சிங்கப்பூர் மருமகனுக்காக மாமனாரோ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சம்பளமில்லாமல் செய்கிறார்கள். சிமெண்ட் மூட்டையை எண்ணுவார்கள், செங்கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள், சாயங்காலம் சுவருக்குத் தண்ணீர் விட்டார்களா என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். கிரகப்பிரவேசத்தன்று அவர்களுக்கு ஒரு வேட்டி சட்டை கிடைக்கும். முதுகுக்குப் பின்னால், 'மாமா கையில எவ்வளவு நின்னுச்சோ' என்ற பேச்சும் கிடைக்கும்.

அந்தச் சந்தேகத்தின்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. இந்தத் தொழிலின் அமைப்பே அப்படி. செலவான பணம் தூணாக, தளமாக, கிரானைட்டாக நிற்கும். வந்தவர்களைக் கூட்டிப்போய்க் காட்டலாம். செலவாகாத பணத்துக்கு உருவம் கிடையாது. தடுத்த ஒரு லட்சத்தைச் சுவரில் மாட்டிவைக்க முடியாது. சொன்னாலும், 'அது எப்படியும் ஆகியிருக்காதே' என்பார்கள். அப்படி ஆகியிருக்கும் என்பதை நிரூபிக்க வேண்டுமானால் ஆகவிட்டுத்தான் காட்டவேண்டும்.

பட்ஜெட் என்பது எக்செல் தாளில் பிறப்பதாக வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது பிறப்பது யாரோ ஒருவர் வீட்டு வராந்தாவில். இடத்துப் பத்திரம் கையில் இருக்கும், பிளான் இருக்காது. 'சதுர அடிக்கு என்ன ஆகும்?' என்று ஒருவர் கேட்பார். காப்பி குடித்துக்கொண்டிருக்கும் இன்னொருவர் ஒரு எண்ணைச் சொல்வார். அவ்வளவுதான். பிறகு வருகிற வரைபடம், அளவுப் பட்டியல், டெண்டர் எல்லாமே அந்த எண்ணோடு மல்லுக்கு நிற்க வேண்டியவைதான். முதலில் காதில் விழுந்த தொகை உண்மை விலை. அதற்கு மேல் சொல்கிறவர் எல்லாம் கொள்ளையடிக்க வந்தவர். நிலத்தில் பாறை இருந்தாலும் சரி, கரிசல் இருந்தாலும் சரி.

கரிசல் என்றதும் ஒரு கல்யாண மண்டபம் ஞாபகத்துக்கு வருகிறது. தென்மாவட்டத்து வியாபாரி ஒருவர் கட்டியது. ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும்தான். ஹாலின் பரப்பைச் சதுர அடி விலையால் பெருக்கி, ஒரு தொகையை மனதில் எழுதி வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெருக்கலுக்குள் தரைத்தொட்டி இல்லை, செப்டிக் டேங்க் இல்லை, காம்பவுண்டுச் சுவர் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று வாங்கப் போடவேண்டிய குழாய்கள், சமையல்கட்டுப் புகைபோக்கி, கார் நிற்கிற இடத்துக்குத் தளம், ஒப்பந்தத் தொகைமேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. ஒன்றுமே இல்லை. மண் பரிசோதனையும் செய்யவில்லை. கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும்; அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர் அந்த மூச்சோடு சேர்ந்து அசையும். ஆழமாகப் போகவேண்டும், அல்லது பைல் இறக்கவேண்டும். துளை போட்டு மண் எடுத்துப் பார்க்க ஆகும் செலவு பெரும்பாலும் வாசல் சரவிளக்கு ஒன்றின் விலைக்குள் அடங்கிவிடும். சரவிளக்குக்கு யாரும் பேரம் பேசிப் பார்த்ததில்லை.

இத்தகைய கட்டத்தில் ஒரே ஒரு எண்ணைச் சொல்லக்கூடாது, கீழ் எல்லை ஒன்றும் மேல் எல்லை ஒன்றும் சொல்லவேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாடம். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், கேட்கிறவர் காதில் கீழ் எல்லை மட்டும் விழுகிறது. ஆகவே நான் அதை வாயால் சொல்வதே கிடையாது. எழுதித்தான் கொடுப்பேன், அதுவும் மேல் எல்லைக்குக் கீழே, சின்ன எழுத்தில்.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம்முடைய நூலின் பத்தாம் பகுதி முன்னுரையில் எபேசஸ் நகரத்துப் பழைய சட்டம் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். பொதுக் கட்டடம் ஒன்றை ஏற்கிற கட்டடக் கலைஞர் என்ன செலவாகும் என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும். வேலை முடிகிற வரைக்கும் அவர் சொத்து அதிகாரிகளிடம் பிணையாக இருக்கும். சொன்ன தொகைக்குள் முடித்தால் அவருக்கு மரியாதை. கால் பங்குக்குள் கூடினால் கூடுதலைக் கருவூலம் கொடுக்கும். அதற்கு மேல் போனால் அவர் சொத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ரோமிலும் இப்படி ஒரு சட்டம் இருக்கக்கூடாதா என்று விட்ருவியஸ் ஏங்குகிறார். தனியார் கட்டடங்களுக்கும் சேர்த்து.

படிக்கிறபோது முதலில் எனக்கு எழுந்தது ஏக்கம் அல்ல, ஒரு ஆறுதல். அத்தனை கடுமையான சட்டமே கால் பங்கு கூடுவதை இயல்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 25 சதவிகிதம்! இன்றைக்கு நான் ஒரு முதலாளியிடம் எதிர்பாராச் செலவுக்கு 10 சதவிகிதம் ஒதுக்கி வையுங்கள் என்றால், 'எதிர்பாராததை எப்படி சார் இப்பவே எதிர்பார்க்கிறீங்க?' என்று கேட்கிறார். அடுத்து வந்தது தொழில்காரனின் கணக்கு. சொத்து போய்விடும் என்றால் எந்தக் கலைஞனும் ஒன்றுக்கு ஒன்றரையாகத்தான் மதிப்பீடு சொல்வான். சொன்ன தொகைக்குள் முடிந்தது என்று மாலையும் போட்டுக்கொள்வான். நகரத்துக்குப் பணம் மிஞ்சாது. மூன்றாவதாக ஒன்று உண்டு. நடுவில் கட்டிக்கொள்கிறவருக்கு மனம் மாறினால் யார் சொத்தைப் பிடிப்பது? விட்ருவியஸ் சொல்கிற சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. என் அனுபவத்தில் செலவு கூடுவதற்குத் திருட்டையும் விலைவாசியையும்விடப் பெரிய காரணம் அதுதான்.

மண்டபத்துக்கு முதல் தளம் கான்கிரீட் போட்டு முடித்த பிறகு அண்ணாச்சி இன்னொரு ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார். போனில் படம் படமாக எடுத்து வந்திருந்தார்.

'தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு மாடியில ரெண்டு ஏ.சி. ரூமு, பாத்ரூமோட. கையோட கையா போட்டுருவோமா? கொத்தனாரும் இருக்கான், செங்கல்லும் இருக்கு.'

கொத்தனாரும் செங்கல்லும் இருப்பது உண்மைதான். நான் ஒரு தாளை எடுத்து எழுதினேன். போட்ட தளத்தைக் குடைந்து குழாய் இறக்கவேண்டும். குடைந்த இடத்தில் நீர்க்கசிவுக்கு மருந்து அடிக்கவேண்டும். சுவரைத் தாங்கும் பீம் அந்த இடத்தில் இல்லை. ஏ.சி. மின்சுமை கூடினால் வாங்கியிருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் போதாது. செப்டிக் டேங்க் கணக்கும் மாறும். நேராகத் தொகையையும், வேலை எத்தனை வாரம் தள்ளிப்போகும் என்பதையும் போட்டு, அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன்.

'நமக்குள்ள என்ன தம்பி கையெழுத்து?' என்றார். பேனாவை வாங்கினார். தாளை இரண்டு தடவை படித்தார். பேனா மூடியைத் திறக்கவில்லை. 'வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்' என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த அறைகள் இன்றுவரை வரவில்லை.

நான் 'வேண்டாம்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரோஷத்துக்காகவே கட்டியிருப்பார். ஆசைக்குப் பக்கத்தில் அதன் விலையை, அது சூடாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுவதுதான் இந்த வேலையில் பாதி. மாதக் கடைசி பில்லில் வந்து விழுகிற விலை யாரையும் நிறுத்தாது. அதற்குள் சுவர் எழும்பியிருக்கும்.

மீதிப் பாதி அளவு எடுப்பது. இலக்கியப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா தெரியவில்லை. ஆனால் மனித சுபாவத்தை நான் அதிகம் படித்தது எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில்தான். பூச்சு வேலை அளக்கும்போது ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு சைட்டிலும் வரும் சண்டை. 'ஜன்னலைக் கழிக்காதீங்க சார், ஓரம் அடிக்கிறது யாரு? ரெண்டு பக்கமும் மட்டம் புடிச்சு ஓரம் எடுக்கிறதுல ஒரு சுவரே பூசிரலாம்' என்பார் மேஸ்திரி. முதலாளிக்கோ, இல்லாத சுவருக்கு எதற்குக் கூலி என்ற கேள்வி. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1200 இதற்கு ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறது. அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்பைக் கழிக்கவே வேண்டாம். அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கத்தை மட்டும் கழி. மறுபக்கத்தை விட்டுவிடு, அது ஓரம் அடித்த கூலிக்குச் சரி. நாலடிக்கு ஐந்தடி ஜன்னல் இந்த நடு வகையில் விழும். இந்த விதியை எழுதியவர் எப்போதோ ஒரு மேஸ்திரியோடு வெயிலில் நின்று வாதாடி, பாதி தோற்றிருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஊகம்.

கம்பியில் நடப்பது இன்னும் நுட்பம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கமாக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 16 எம்.எம். கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. கான்ட்ராக்டர் பில் போடுவது இந்தச் சூத்திர எடையில். அவர் கடையில் வாங்குவதோ எடைமேடை எடையில். ஐ.எஸ். 1786 அந்த விட்டத்துக்கு ஐந்து சதவிகிதம் வரை கூடக்குறைய இருக்கலாம் என்கிறது. மெல்லிய பக்கமாக உருட்டிய கம்பி, நூற்றுக்கு நாலு கிலோ குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 டன் கம்பி போகிற வேலையில் இரண்டு டன்னுக்கு, எந்தக் கடையிலும் வாங்காத கம்பிக்கு, முதலாளி பணம் கொடுக்கிறார். மில் தப்புச் செய்யவில்லை, தரத்துக்குள்தான் இருக்கிறது. கடைக்காரர் எடை குறைக்கவில்லை. கான்ட்ராக்டர் வழக்கப்படி பில் போட்டார். திருடனே இல்லாமல் ஒரு திருட்டு. சூத்திர எடையைவிடக் குறைந்தால் உண்மை எடைக்கே பணம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் எனக்குச் சம்பளம் என்றுகூடச் சொல்லலாம்.

இவ்வளவு எண்ணிப் பழகியவனுக்கு சிட்னி ஓபரா ஹவுஸ் ஒரு உறுத்தல். 1957இல் டென்மார்க்கின் யோர்ன் உட்சோன் போட்டியில் வென்றபோது மதிப்பீடு 35 லட்சம் ஆஸ்திரேலிய பவுண்டு. பிற்பாடு வந்த டாலர் கணக்கில் 70 லட்சம். 1973இல் திறந்தபோது கணக்கு 10 கோடியே 20 லட்சம் டாலர். பதினான்கு மடங்குக்கு மேல். காரணங்களைப் படித்தால் நம்மூர்க் கதை மாதிரியே இருக்கும். மாநிலப் பிரதமர் ஜோசப் காஹில், அடுத்து வருகிறவர்கள் திட்டத்தைக் கைவிட முடியாதபடி செய்யவேண்டும் என்ற அவசரத்தில் 1959 மார்ச்சிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். கூரை எப்படி நிற்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கூரை முடிவானபோது, கீழே எழுப்பியிருந்த தூண்கள் அந்தப் பாரத்துக்குப் போதாமல் மறுபடி கட்டவேண்டியிருந்தது. பிறகு பெரிய அரங்கில் ஓபரா வேண்டாம், கச்சேரிக்கு மட்டும் என்று முடிவு மாற, பொருத்திய மேடை இயந்திரங்களைப் பிரித்தெடுத்தார்கள். அண்ணாச்சியின் ஏ.சி. அறைதான், வேறு அளவில்.

1965இல் ஆட்சி மாறியது. புதிய பொதுப்பணி அமைச்சர் டேவிஸ் ஹ்யூஸ் என் தொழிலைத்தான் செய்ய வந்தார்: முதலாளி பக்கம் நாற்காலி, கையில் பண முடிச்சு. உட்சோனின் கட்டணத்தை நிறுத்தினார். 1966 பிப்ரவரியில் உட்சோன் விலகி நாட்டைவிட்டே போனார். முடிந்த கட்டடத்தை அவர் நேரில் பார்த்ததே இல்லை. அவர் போன அந்த ஆண்டு அக்டோபரில்கூட ஆகியிருந்த செலவு 2 கோடியே 29 லட்சம் டாலர்தான். அதாவது, மொத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் செலவானது, கணக்கில்லாத கலைஞன் என்று அவரை அனுப்பிவைத்த பிறகு. பணத்தை நிறுத்துவதும் செலவைக் கட்டுப்படுத்துவதும் ஒன்று என்று நினைக்கிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

ஆனால் உறுத்தல் இதில் இல்லை. 1957இல் என்னைப் போன்ற ஒருவன் அங்கே உட்கார்ந்து, மண்ணைத் துளைத்து, கூரையைக் கணக்குப் போட்டு, '10 கோடி ஆகும் அய்யா' என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் அந்தக் கட்டடம் இருந்திருக்காது. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1967இல் எழுதிய ஒரு நூலில் இதற்கு 'மறைக்கும் கை' என்று பெயர் வைத்தார்: வரப்போகும் சிரமம் முன்பே தெரிந்தால் மனிதர்கள் எதையுமே தொடங்கமாட்டார்கள், தெரியாததால் தொடங்கிவிட்டு, மாட்டிக்கொண்ட பிறகு வழி கண்டுபிடிக்கிறார்கள். பெரிய திட்டங்களை ஆராய்ந்த பென்ட் ஃப்ளூபியா இதை ஏற்பதில்லை. குறைத்துச் சொல்வதில் தெரியாமையோடு வேண்டுமென்றே செய்வதும் உண்டு, அப்படித் தொடங்கியவற்றில் பெரும்பாலானவை ஓபரா ஹவுஸ் ஆவதில்லை என்பது அவர் கட்சி. நான் ஃப்ளூபியா பக்கம். அதுவும் கொள்கைக்காக அல்ல. சிட்னிக்காரர்களுக்கு லாட்டரி இருந்தது. டிக்கெட் விற்றே அந்தக் கடனை அடைத்தார்கள். அண்ணாச்சிக்கு இருந்தது வங்கிக் கடனும் மாதத் தவணையும். மண்டபம் பாதியில் நின்றால் உலகம் வந்து படம் எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை. தூண்களில் நீட்டிக்கொண்டு துருப்பிடிக்கிற கம்பிகளை ஊர் பார்த்துக்கொண்டே போகும். அப்படி நிற்கிற கட்டடங்களை நெடுஞ்சாலை ஓரத்தில் பார்க்கும்போதெல்லாம், அந்த வராந்தாவில் எண்ணைச் சொன்னவர் யார் என்றுதான் நான் யோசிப்பேன்.

முதலாளி பக்கம் உட்கார்ந்திருப்பதால் கான்ட்ராக்டர் எதிரி என்று ஆகிவிடாது. இதை முதலாளிகளுக்குப் புரியவைப்பது கஷ்டம். மூன்று கொட்டேஷன் வாங்குவார்கள், ஆகக் குறைந்ததில் கை வைப்பார்கள். அந்தக் குறைந்த தொகைக்காரர் எங்கே குறைத்தார் என்று பார்க்கவேண்டும். மண் வேலைக்கு அடிமாட்டு விலை போட்டு, பின்னால் கூடும் என்று அவருக்கு மட்டும் தெரிந்த ஐட்டத்துக்கு நல்ல விலை போட்டிருப்பார். இல்லையென்றால் எக்ஸ்ட்ரா ஐட்டத்தில் பிடித்துவிடுவார். அதேபோல, அளந்து கையெழுத்தான பில்லை முதலாளி இரண்டு மாதம் இழுத்தால் அது சிக்கனம் இல்லை. கான்ட்ராக்டர் வட்டிக்கு வாங்கித்தான் சனிக்கிழமைச் சம்பளம் போடுகிறார். அந்த வட்டி, ஆள் குறைவதிலோ சிமெண்ட் குறைவதிலோ கட்டடத்துக்குள் போய்ச் சேரும். அத்தகைய நேரங்களில் முதலாளியிடம் கான்ட்ராக்டருக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். 'நீங்க யாரு ஆளு தம்பி?' என்று அண்ணாச்சி கேட்டதும் உண்டு.

2022 தொடக்கத்தில், உக்ரைன் போரின்போது கம்பி விலை தாறுமாறாக ஏறியது. விலை ஏறினால் என்ன செய்வது என்ற வாசகம் இல்லாத ஒப்பந்தங்களில் கான்ட்ராக்டர்கள் வேலையை நிறுத்தினார்கள். மே மாதம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவிகித வரி போட்டதும் விலை இறங்கியது. ஏறும்போது வந்து நின்றவர்கள் இறங்கும்போது வாயைத் திறக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தபோதும் இதே காட்சிதான், இந்தத் தடவை முதலாளிகள் பேசினார்கள், கான்ட்ராக்டர்களுக்குக் காது கேட்கவில்லை. ஒப்பந்தம் போடுகிற நாளன்று கம்பி என்ன விலை, சிமெண்ட் என்ன விலை என்று எழுதி வைத்து, கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் முதலாளிக்கு என்று சொல்லிவிட்டால் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கலாம். எழுதச் சொன்னால் இரண்டு பேருமே யோசிக்கிறார்கள். விலை தன் பக்கம்தான் ஓடும் என்று ஒவ்வொருவருக்கும் உள்ளூர ஒரு நம்பிக்கை.

கடைசி பில் வருகிற நாள் ஒன்று உண்டு. பிடித்து வைத்த ரிடென்ஷன் பணம், ஜன்னல் கழிவு, கம்பியின் உண்மை எடை, முதலாளி வாங்கிக் கொடுத்த டைல்ஸில் வீணானது, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து பைசா சுத்தமாக ஒரு தொகைக்கு வந்திருப்பேன். மண்டபத்தில் அந்தத் தொகை ஐந்து பைசாவில் முடிந்தது. அண்ணாச்சி தாளைப் பார்த்தார், கான்ட்ராக்டரைப் பார்த்தார். 'கடைசி எண்ணு எதுக்குய்யா, ரவுண்டு பண்ணிரு' என்றார். அவர் சொன்ன ரவுண்டு, என் தொகைக்குக் கீழே எழுபத்தையாயிரம். கான்ட்ராக்டர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். 'மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபத்தை வாடகை இல்லாம விட்ருங்க அண்ணாச்சி' என்றார். 'அடப்பாவி, அது உன் மண்டபம்லா!' என்றார் அண்ணாச்சி. காப்பி வந்தது. எம்-புக்கில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். 'ரவுண்டு ஆஃப்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.